ஆத்திரமூட்டலும் சட்டமும்

ஆங்கிலத்தில் 'புரவோக்' என்றொரு வினைச்சொல் உண்டு. அழைத்தல் எனப் பொருள்படும் லத்தீன் தாதுவிலிருந்து பிறந்த அச்சொல், ஒருவருடைய பேச்சோ செய்கையோ மற்றொருவர் உள்ளத்தில் எழுப்புவது சிரிப்பாயினும், சிந்தனையாயினும், விவாதமாயினும் அதற்கு இடந்தரும் விசாலம் உடையதே. ஆயினும், அதே தாதுவில் தோன்றிய 'எவோக்' என்பது பழைய ஞாபகங்களையும் மெல்லிய உணர்ச்சிகளையும் எழுப்பும் பணியைத் தனதாக்கிக் கொண்டமையால், குரோதத்தைக் கிளறும் காரியமே பெரும்பாலும் 'புரவோக்'கின் பங்காயிற்று.

பண்டை ரோமாபுரியில் இச்சொல்லின் மூல வடிவம், அதிகாரி விதித்த மரண தண்டனையை எதிர்த்து ஜனங்களிடம் முறையிடும் பிரஜையின் உரிமையைக் குறித்தது. குற்றம் சாட்டப்பட்டவனுக்கு அன்று புகலிடமாயிருந்த அச்சொல், வேறொரு பொருளில், நமது சட்டத்திலும் அவனுக்குப் புகலிடமாகவே வந்து சேர்ந்தது. கடுமையானதும் திடீரென நேர்ந்ததுமான ஆத்திரமூட்டலால் தன்னடக்கம் இழந்து ஒருவன் உயிர்வதை செய்தால், அது கொலைக்குற்றமாகாமல் அதனினும் குறைந்த குற்றமாகும் என்று 1860-ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம் 300-ஆம் பிரிவில் விதிவிலக்கு அளித்தது. அந்த ஆத்திரத்தைச் சாக்காகத் தானே தேடிக்கொண்டவனுக்கு அவ்விலக்கு இல்லை என்றும் விதித்தது.

'திடீர்' என்னும் அடைமொழியின் கனம், கடற்படை அதிகாரி நானாவதியின் வழக்கில் வெளிப்பட்டது. 1959 ஏப்ரல் 27 அன்று பம்பாயில், மனைவி தன் தவறான உறவை ஒப்புக்கொண்டதைக் கேட்டபின், அவளையும் குழந்தைகளையும் சினிமாக் கொட்டகையில் இறக்கிவிட்டு, கப்பலுக்குச் சென்று பொய்க்காரணம் கூறித் துப்பாக்கி பெற்று, சம்பந்தப்பட்டவனை அவன் வீட்டிலேயே சுட்டுக்கொன்ற அவரை ஜூரிகளில் எண்மர் நிரபராதி என்றனர். உயர்நீதிமன்றம் அதை ஏற்காமல் ஆயுள் தண்டனை விதித்தது. வீட்டை விட்டுப் புறப்பட்டதற்கும் சுட்டதற்கும் இடைப்பட்ட ஏறக்குறைய மூன்று மணி நேரம் மனம் அமைதியடையப் போதுமானது எனக் கண்ட உச்சநீதிமன்றம், 1961-இல் அத்தண்டனையை உறுதி செய்தது.

பழைய சட்டத்தின் ஸ்தானத்தில் 2024 ஜூலையில் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதையும் 101-ஆம் பிரிவில் இவ்விலக்கைக் காத்து நிற்கிறது. தூண்டியவனது பிழையைச் சட்டம் கணக்கிலெடுக்கும். தூண்டப்பட்ட கோபத்தைப் பேணி வளர்த்தவனுக்கு அது பரிந்து பேசாது.