மண்ணில் விளைந்த மறை – 9: பறையும் பட்டாவும்

சென்ற வாரம் ராபர்ட் தெ நொபிலியோடு நிறுத்தினோம். 1606-இல் மதுரைக்கு வந்து, காவி உடுத்தி, வடமொழி கற்று, மரக்கறி உணவோடு வாழ்ந்தவர். 1921-இல் திருப்பத்தூரில் தொடங்கிய கிறிஸ்துகுல ஆசிரமம் தன் ஆலயத்தைக் கோபுரத்தோடு கட்டியது. மண்ணுக்கேற்ற இறையியல் என்று பேச்செடுத்தால் முதலில் சொல்லப்படுபவை இவைதான். நல்ல மனத்தோடு செய்தவை. ஆனாலும் செங்கல்பட்டுக் கிராமச் சபைகளை நினைத்தால் எனக்கு இவை போதவில்லை. அங்கே ஞாயிறு ஆராதனையில் உட்கார்ந்திருக்கும் பலரின் பாட்டன் பூட்டன் கோபுர வாசலைத் தாண்ட விடப்படாதவர்கள்.

1891-இல் ஆட்சியர் ட்ரெமென்ஹீர் இந்த மாவட்டத்துப் பறையர்களின் நிலை பற்றி அரசுக்கு எழுதினார். குடிசை போட்டிருந்த மனைகூட அவர்களுக்குச் சொந்தமில்லை. மிராசுதார் நினைத்தால் கிளப்பிவிடலாம். ஸ்காட்லாந்து மிஷனைச் சேர்ந்த ஆதாம் ஆண்ட்ரூ இதே செங்கல்பட்டிலிருந்து அவர்களுக்காக வாதாடினார். சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் மெல்ரோசாபுரத்தில் நிலம் தேடிக் குடியமர்த்தினார். ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கென ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலத்துக்கான அரசாணை 1892-இல் வந்தது.

இப்படி உருவான சபைகளில் பாடப்பட்டவை, மேற்கத்திய மெட்டில் பாமாலையும் கர்நாடக ராகத்தில் கீர்த்தனையும். நடவிலும் களத்துமேட்டிலும் அவர்கள் பாடிய பாட்டு ஆலயத்துக்கு வெளியிலேயே நின்றது.

அதை உள்ளே அழைத்து வந்தவர் ஜே. தியாபிலஸ் அப்பாவு. மாணவர்களுக்குப் பரட்டை அண்ணன். சி.எஸ்.ஐ. திருமண்டலங்களும் லுத்தரன் சபைகளும் சேர்ந்து 1969-இல் மதுரை அரசரடியில் தொடங்கிய தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியர். தமிழிலேயே பி.டி. படிக்கலாம், வளாகத்தை விட்டுச் சேரியிலும் கிராமத்திலும் தங்கிப் படிக்க வேண்டும் என்றிருந்த கல்லூரி அவருக்குப் பொருத்தமான இடம். முழு ஆராதனை முறையையும் நாட்டுப்புற மெட்டில், பேச்சுத் தமிழில் அமைத்தார். திருவிருந்துக்கு அவர் கண்ட வடிவம் ஒரே உலை: ஆளுக்குக் கொஞ்சம் கொண்டுவந்து ஒரே பானையில் பொங்கி, கூடி உண்பது. பந்தியில் சாதி பார்க்கிற ஊரில் இதைவிடத் தெளிவான பிரசங்கம் கிடையாது. 2005-இல் மறைந்தார்.

இந்த நாட்டுப்புற இசையோடு வந்த பறையைத்தான் எல்லோரும் ஏற்கவில்லை. வைக்கோல் தீயில் தோலைக் காய்ச்சி, அடிக்குச்சியும் சிண்டுக்குச்சியும் கையில் எடுத்தால், வயதான சபையார் சிலரின் முகம் சுருங்கும். சாவு வீட்டில் கூலியில்லாமல் அடிக்க வைக்கப்பட்ட கருவி அது. அதை விட்டொழிக்கத்தானே ஞானஸ்நானம் பெற்றோம் என்பார்கள். அந்தக் கோபம் நியாயமானது. பண்பாட்டின் பெயரால் பழைய அடிமைத்தொழிலை மறுபடி அவர்கள் தோளில் மாட்டக் கூடாது. என் கருத்தில், இறையியல் கல்லூரியில் பறை கட்டாயப் பாடமாகட்டும். எந்தச் சாதியில் பிறந்த மாணவரும் அடிக்கட்டும். தலித் மாணவர் கையில் மட்டும் கொடுத்துவிட்டு மற்றவர்கள் கைதட்டுவது பழைய முறையின் தொடர்ச்சிதான்.

செங்கல்பட்டுக்குப் போதகராக வருபவருக்குப் பாட்டு மட்டும் போதாது. பஞ்சமி நிலத்தை முதல் பத்து ஆண்டு விற்க முடியாது. பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கே விற்கலாம். இந்த நிபந்தனையை மீறிக் கைமாறிய நிலம் ஏராளம். பட்டா, சிட்டா, அடங்கல் பார்க்கத் தெரியாத ஆயர், சபையாரின் கவலையில் பாதியைக் கேட்டும் புரிந்துகொள்ள மாட்டார். எபிரேயம் கற்பிக்கிற கல்லூரி, ஒரு பருவம் வட்டாட்சியர் அலுவலக ஆவணங்களையும் வாசிக்கக் கற்பிக்கலாம். நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தை இங்கே வேறெப்படிப் பிரசங்கிப்பது?

மாமல்லபுரத்தை அடுத்த காரணையில் பஞ்சமி நில மீட்புப் போராட்டம் நடந்தது. 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் திரண்டவர்கள் மீது போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிரிழந்தார்கள். ஒருவர் பெயரில் கிறிஸ்தவம் இருக்கிறது, இன்னொருவர் பெயரில் இல்லை. கேட்ட நிலம் ஒன்றுதான். திருச்சபை வரலாற்றுப் பாடத்தில் இரண்டு பெயர்களும் இடம்பெற வேண்டும்.

(தொடரும்)