அமிலம் தீட்டிய மலைகள்

கெடா மாநிலத்தில், பீடோங் பக்கத்துத் தோட்டத்தில் நின்று பார்த்தால் ஜெராய் மலை நீலம். குருண் அடிவாரத்துக்குப் போனால் அதே மலை பச்சை. நடுவில் கிடக்கும் காற்று செய்யும் வேலை இது. வெயில் படும்போது காற்று நீல ஒளியைத்தான் அதிகம் சிதறடிக்கும். தூரம் கூடக் கூட அந்த ஒளி மலையின் மேல் படிந்துகொண்டே போகும். கெடாவின் ஈரக் காற்றில் நீலமும் வெளுத்துவிடுகிறது. சில காலைகளில் 1,200 மீட்டர் மலையையே காணோம்!

இந்த வெளிறலைச் செம்புத் தகட்டில் பிடிக்க ஒரு கலை இருந்தது: அக்குவாடின்ட். 1786 வரை கெடா சுல்தானின் கையிலிருந்த பினாங்குத் தீவில், பின்னாளில் கிழக்கிந்தியக் கம்பெனிப் பொறியாளராக இருந்தவர் கேப்டன் ராபர்ட் ஸ்மித். அவர் தீட்டிய காட்சிகளை வில்லியம் டேனியல் அக்குவாடின்டாக்கி, 1821-இல் தொகுப்பாக வெளியிட்டார். குளுகோர் மாளிகையும் அதைச் சூழ்ந்த வாசனைப் பயிர்த் தோட்டங்களும் அதில் ஒரு படம். டேனியல் நமக்கு அந்நியரல்லர். 1792-இல் தமிழகக் கோயில்களைச் சுற்றிச் சுற்றி வரைந்தவர். ஸ்மித்தோ பிறகு டில்லி போய்க் குதுப்மினார் உச்சியில் ஒரு மண்டபத்தை ஏற்றினார். பொருந்தவில்லை என்று 1848-இல் அதை இறக்கிவிட்டார்கள். கடைசியில் மத்தியதரைக்கடல் ஓரம், நீஸ் நகரில் மாளிகை கட்டினார். ஓவியராக மட்டும் இருந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றும்.

செய்முறைக்கு வருவோம். மூடிய பெட்டிக்குள் பிசின் தூளைக் கிளப்பிவிட்டு, தகட்டை உள்ளே வைப்பார்கள். கோலமாவு தூவியதுபோலத் தூள் மெல்லப் படியும். அடியில் சூடு காட்டினால் ஒவ்வொரு துகளும் உருகி ஒட்டிக்கொள்ளும். பிறகு நைட்ரிக் அமிலம். துகள் இல்லாத இடுக்குகளை மட்டும் அது அரிக்கும். வானம் வெள்ளையாக நிற்க வேண்டுமா? அமிலத்தில் இறக்குமுன்பே அங்கே வார்னிஷ் பூசிவிட வேண்டும். சிறிது நேரம் அரித்ததும் வெளியே எடுத்து, தூரத்து மலையை வார்னிஷால் மூடுவார்கள். மறுபடி அமிலம், அடுத்து நடுத்தோப்பை மூடுவார்கள். முன்னால் நிற்கும் மரத்துக்குத்தான் முழு நேரமும் அமிலக் குளியல். பள்ளம் ஆழமானால் மை அதிகம் தங்கும், கறுப்பும் கூடும். ஆக, படத்தில் மலை எவ்வளவு தூரம் என்பதை அமிலத்தில் கிடந்த நேரமே முடிவு செய்கிறது. கை தவறி ஓர் இடம் கூடுதலாக அரிபட்டால் மலை முன்னுக்கு வந்துவிடும். தகட்டைச் சுரண்டித் தேய்த்துச் சரிசெய்வது பெரும்பாடு. அச்சான பிறகு நீலமும் பச்சையும் கையால் பூசுவார்கள்.

பினாங்குக் கடைகளில் இப்படங்களில் ஒன்று கிடைத்தால் பூதக்கண்ணாடியில் பாருங்கள். வரிசை பிசகாத புள்ளிகள் தெரிந்தால் இன்றைய அச்சகத்தின் வேலை. ஒழுங்கில்லாத சிறு சிறு வளையங்கள் வலைபோலப் பின்னிக் கிடந்தால், பிசின் தூள் விழுந்த தடம்.