கண்காட்சிக் கூடத்தில் கால்நடைகளைப் படமெடுத்தல்

பெங்களூரு வேளாண் பல்கலைக்கழகம் நடத்தும் கிருஷி மேளாவில் ஹள்ளிகர் மாடுகளைக் காணத் தொம்மலூர் போன்ற நகர்ப்பகுதியினரும் செல்கின்றனர். நீண்ட முகமும், பின்னோக்கி வளைந்த கொம்புகளும், சாம்பல் நிறமும் இவ்வினத்தின் அடையாளங்கள். கூரையின்கீழ் எடுக்கும் படத்தில் இம்மூன்றுமே பிழைபடக்கூடும்.

முன்னே நெருங்கி நின்று எடுத்தால் தலை பெருத்தும் பின்னுடல் சிறுத்தும் தோன்றும். ஆதலின், ஏறத்தாழ 5 மீட்டர் விலகி, விலாவுக்கு நேரே, நடுவுடலின் உயரத்தில் காமிராவைப் பிடித்தல் வேண்டும். நான்கு கால்களும் தெரியுமாறு மாட்டை நிறுத்துக. அளவுகோலை மாட்டின் பக்கத்திலேயே நாட்டுக. காமிராவுக்கு அருகில் நாட்டினால் மாட்டின் அளவு குறைந்து காணும்.

நம் மின்னோட்டம் நொடிக்கு 50 சுழற்சிகள் உடையது; அதனால் குழல்விளக்கின் ஒளி நொடிக்கு 100 முறை ஏறி இறங்குகிறது. ஷட்டர் மிக விரைந்து இயங்கினால் படத்தில் வரிகள் விழுவது இதனாலேயே. மாடு அசையாதிருக்கும்போது 1/100 அல்லது 1/50 நொடியில் எடுப்பது நன்று. அதே ஒளியில் வெள்ளைத் தாளொன்றையும் படமெடுத்துக்கொண்டால் நிறப்பிழையைத் திருத்தலாம்.

பிளாஷ் விளக்கைத் தவிர்த்தல் வேண்டும். விழித்திரைக்குப் பின்னுள்ள படலம் அவ்வொளியைத் திருப்புவதால் மாட்டின் கண்கள் படத்தில் ஒளிர்ந்து தோன்றும். அன்றியும், நெரிசலில் மிரளும் காளையால் மாணவர்களுக்கு ஊறு நேரலாம்.

1984-இல் பெங்களூருவில் நிறுவப்பட்டுப் பின்னர் கர்னாலுக்கு மாற்றப்பட்ட தேசிய விலங்கு மரபு வள நிறுவனம் புதிய இனங்களைப் பதிவு செய்யப் படங்களையும் கோருகிறது. இனம், ஆண் அல்லது பெண், வயது, ஊர், நாள் ஆகியன குறிக்கப்பட்ட படமே பிற்காலத்தார்க்குச் சான்றாகும்.