வாந்தி வருமுன்பே மாத்திரை

ரத்தப் புற்றுநோய் கண்டவர்களில் சிலருக்கு ஸ்டெம் செல் மாற்றுச் சிகிச்சை செய்கிறார்கள். நம் நாட்டில் இது 1987-இல் கோலாலம்பூர் பல்கலைக்கழக மருத்துவமனையில் தொடங்கியது. இன்று அம்பாங் அரசாங்க மருத்துவமனையிலும் செய்கிறார்கள். புதிய அணுக்களை ஏற்றுமுன் சில நாள் கடுமையான கீமோ மருந்து ஏற்றுவார்கள். வாந்திக்குப் பயந்தே, “எனக்கு வேண்டாங்க, விட்டுடுங்க” என்று சொல்பவர்கள் உண்டு.

அன்பர்களே, பயம் வேண்டாம். வாந்தியைத் தடுக்க இன்று நல்ல மருந்துகள் உள்ளன. ஆனால் ஒன்றை மறவாதீர்கள். வந்த வாந்தியை அடக்குவது கஷ்டம். வருமுன் தடுப்பதே சுலபம். அதனால்தான் கீமோ ஏற்றுமுன்பே வாந்தி மருந்து கொடுக்கிறார்கள்.

வாந்தி ஏன் வருகிறது? கீமோ குடலைத் தாக்கும்போது செரோடோனின் என்ற பொருள் வெளியாகி, நரம்பு வழியாக மூளையைத் தூண்டுகிறது. ஒண்டான்செட்ரோன், கிரானிசெட்ரோன் மருந்துகள் அதைத் தடுக்கும். இவற்றோடு டெக்ஸாமெத்தசோன், அப்ரெபிடன்ட், ஓலான்சாபின் போன்றவற்றையும் டாக்டர் நோயாளிக்குத் தக்கபடி சேர்ப்பார். ஓலான்சாபின் மனநோய்க்கும் கொடுக்கும் மாத்திரைதான். அதைப் பார்த்து வீட்டார் கலங்க வேண்டாம்.

கீமோ முடிந்து சில நாள் வரையிலும் வாந்தி வரலாம். “இப்போ நல்லாத்தானே இருக்கு” என்று மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

“வாந்தி எடுத்தா விஷம் வெளியே போயிடும்” என்பது தவறு. ரத்தத்தில் ஏறிய மருந்து வாந்தியில் போகாது. போவது உடம்பிலுள்ள தண்ணீரும் உப்பும்தான்.

குமட்டலைப் பொறுத்துக்கொள்வது வீரமல்ல. உடனே மிஸ்ஸியிடம் சொல்லுங்கள். மாத்திரையே வாந்தியில் வந்துவிட்டால் அதையும் சொல்லுங்கள். ஊசி வழியாகவும் மருந்து கொடுக்கலாம். தலைவலி, மலச்சிக்கல் கண்டாலும் மறைக்காதீர்கள்.

வீட்டார் கவனத்திற்கு:

1. ஒரே வேளையில் வயிறு நிறையக் கொடுக்காமல், கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை கொடுங்கள்.

2. அப்போதே சமைத்த, வாடை குறைந்த உணவே நல்லது. பெலாச்சான் சம்பல், கருவாட்டு வறுவல் பக்கத்தில் வேண்டாம். வெளியிலிருந்து எது கொண்டுபோனாலும் முதலில் வார்டில் கேளுங்கள்.

3. டாக்டரைக் கேட்காமல் நாட்டு மருந்து, கஷாயம் கொடுக்காதீர்கள்.

கடைசியாக முக்கியமான ஒன்று. கடுமையான கீமோ ஏறிய பிறகு பாதியில் வீட்டுக்குத் திரும்புவது உயிருக்கே ஆபத்து. எலும்பு மஜ்ஜை காலியாகி நிற்கும். புதிய அணுக்கள் ஏறினால்தான் மறுபடி ரத்தம் ஊறும். ஆகவே வார்டில் சேரும் நாளிலேயே கேளுங்கள்: “வாந்திக்கு என்ன மருந்து? எப்போது கொடுப்பீர்கள்?” இப்படிக் கேட்பது மரியாதைக் குறைவல்ல, நோயாளியின் உரிமை.