நில் என்றால் நிற்கும் நாய்

மட்டக்களப்பு வாவியின் கிழக்குக் கரையை எழுவான்கரை என்றும், மேற்குக் கரையைப் படுவான்கரை என்றும் வழங்குவது மரபு. படுவான்கரை வயல்களைக் கடந்து, விடியற்பொழுதில் காட்டோரம் நிற்பவரின் செவியில் ஒரு சேவற்குரல் விழும். ஊர்ச் சேவலின் நீண்ட கூவல் அன்று. வெடுக்கென்று தொடங்கி வெடுக்கென்று முடிவது. ஆங்கிலேயரின் காதுக்கு அது ‘ஜோர்ஜ் ஜோய்ஸ்’ என்று ஓர் ஆளின் பெயராக ஒலித்ததாம்! இலங்கையன்றி வேறெந்த நாட்டுக் காட்டிலும் காணக்கிடையாத காட்டுக்கோழியின் குரல் அது.

மேலைநாட்டார் நாய்களோடு சென்று வேட்டையாடும் பெசன்ட் பறவை இத்தீவில் இல்லை. நமது செண்பகத்தை அவர்கள் ‘காக்கைப் பெசன்ட்’ என்றழைத்தது வெறும் தோற்ற மயக்கமே, அது குயிலினத்தது. பெசன்டின் மெய்யான உறவினர் காட்டுக்கோழியும் மயிலுமே. முருகனுடைய கொடியும் ஊர்தியும் ஒரே குடும்பத்தவை என்பதைச் சித்தாண்டிக்கும் மண்டூருக்கும் போகும் அடியார்களிடம் சொன்னால் மகிழ்வர். பெசன்டும் ஆசியப் பறவைதான். அமெரிக்காவின் ஒரிகனில் அது வேரூன்றியதே 1880களின் தொடக்கத்தில் சீனாவிலிருந்து அனுப்பப்பட்ட பறவைகளால்தான்.

அவ்வேட்டையில் வியப்புக்குரியது துப்பாக்கி அன்று, நாயே. பறவையின் மோப்பம் கிட்டியதும் பாயாமல், முன்காலொன்றைத் தூக்கியபடி சிலையாய் நிற்பது பாயின்டர். வீழ்ந்த பறவையைப் பல் படாது கவ்விக் கொணர்வது ரிட்ரீவர். துரத்துவது நாயின் பிறவிக்குணம். அதை அடக்குவதே பயிற்சி. குட்டியை நீண்ட கயிற்றில் விட்டு, பறவை எழும் கணத்தில் ‘நில்’ என்று நிறுத்துவர். வெடியோசையைத் தொலைவிலிருந்து சிறிது சிறிதாகப் பழக்குவர். அவசரப்பட்டு அடித்து வளர்த்த நாய் வெடி கேட்டு ஓடுமே தவிர, நிற்காது. சங்கப் பாடல்களிலும் வேட்டுவர் நாய்களோடு காடேகுவதுண்டு. அவை துரத்தும் நாய்கள். நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர் 1850களில் மரை வேட்டைக்கு வைத்திருந்தவையும் அத்தகையனவே.

நிற்கும் நாய் நம் காட்டுக்கு ஏன் பொருந்தவில்லை? பாயின்டருக்குப் பதுங்கி அமரும் பறவை வேண்டும். காட்டுக்கோழியோ காலை நம்பி முட்புதருக்குள் ஓடிவிடும். வெயில் ஏறியதும் உலர்ந்த நிலத்தில் மோப்பம் நில்லாது. நீரில் முதலை, காட்டில் சிறுத்தை. நாயிறைச்சி சிறுத்தைக்கு மிக விருப்பம். ஆகவே ஊர்நாய்க்குக் கிடைத்தவை உடும்பும் பன்றியுமே. குளிர்காலத்தில் வடக்கேயிருந்து வயலுக்கு வரும் உள்ளானைச் சுடச் சென்ற துரைமார், விழுந்த பறவையைச் சேற்றிலிருந்து எடுத்துவர ஆட்களையே வைத்துக்கொண்டனர். நாயின் வேலை மனிதனுக்கு வந்தது என்பதைத் தவிர இதில் சொல்வதற்கு ஒன்றுமில்லை.

காட்டுக்கோழிக்கோ நாயே தேவைப்படவில்லை. புதரில் மறைந்து, மடித்த துணியைத் தொடையில் அடித்தால் போதும். வேறொரு சேவல் சிறகடித்துப் போருக்கு அழைக்கிறது என்றெண்ணி, அந்த எல்லைக்குரிய சேவல் தானே வெளியே வரும். வீரத்தையே தூண்டிலாக்கும் இந்தத் தந்திரத்தை வேட்டை என்று சொல்ல என் நா கூசுகிறது.

1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் வந்தது. காட்டுக்கோழிக்கு இன்று சட்டத்தின் காப்பு உண்டு. ஆயினும் கண்ணிக்குச் சட்டம் தெரியாது. கட்டவிழ்ந்த நாய்க்கும் தெரியாது. பேடு வழக்கமாகத் தரையில் கூடமைக்கும். பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு முட்டைகளே இடும். ஏறத்தாழ 20 நாள் அடைகாக்கையில், அதன் மங்கிய கபில நிறம் சருகோடு கலந்து மனிதன் கண்ணை ஏய்த்துவிடும். நாயின் மூக்கை ஏய்க்காது.

காட்டோரக் காவலுக்கு நாயோடு செல்லும் உழவர்கள் பாயின்டர் வளர்க்க வேண்டியதில்லை. அதன் முதற்பாடத்தை மட்டும் தம் நாய்க்குக் கற்பிக்கலாம். ஒரு நீண்ட கயிறும், சிறிது தீனியும், ‘நில்’ என்ற ஒரு சொல்லும் அதற்குப் போதும். குட்டி நான்கைந்து மாதமாக இருக்கும்போதே தொடங்குவது நல்லது.