அழகிய அரளியும் அவசியமான கவனமும்

கோலாலம்பூர், கிள்ளான் வட்டாரங்களில் வீட்டு முற்றங்களுக்கும் சாலையோரங்களுக்கும் அழகூட்டும் பூச்செடிகளுள் அரளியும் ஒன்றாகும். கிளையொன்றை நறுக்கி ஊன்றினாலே வேர்விடும். கடும் வெயிலையும் தாங்கி ஆண்டு முழுவதும் பூக்கும். 1945-ஆம் ஆண்டில் அணுகுண்டு வீச்சினால் அழிந்த ஜப்பானின் ஹிரோஷிமா நகரில் முதலில் பூத்த மலர் எனப் போற்றப்படும் அரளி, 1973-இல் அந்நகரின் மலராக ஏற்கப்பட்டது.

இறைவனுக்குச் சூட்டும் மாலைகளிலும் அரளிக்கு இடமுண்டு. ஆனால், அதன் இலை, பூ, தண்டு, வேர், விதை, சாறு ஆகிய அனைத்திலும் நஞ்சு அடங்கியுள்ளது என்பதை நாம் மறந்துவிடலாகாது. ‘ஒலியாண்ட்ரின்’ முதலிய நச்சுப் பொருள்கள் இதயத் துடிப்பைச் சீர்குலைக்கின்றன. உலர்ந்த பின்னரும், கொதிக்க வைத்தாலும் அந்நஞ்சு நீங்குவதில்லை. மஞ்சள் நிறப் பொன்னரளியின் விதையும் இத்தகையதே. கேரளத்தில் திருவாங்கூர் தேவஸ்வம் வாரியம், நிவேதனத்திலும் பிரசாதத்திலும் அரளிப்பூவைச் சேர்ப்பதை 2024 மே மாதத்தில் நிறுத்தியதற்கும் இந்த அச்சமே காரணம்.

தோட்டப்புறங்களில் ஆடு மாடு வளர்ப்போர் மிகுந்த விழிப்புடன் இருத்தல் வேண்டும். பச்சை இலையின் கசப்பினால் கால்நடைகள் அதனைப் பெரும்பாலும் தவிர்க்கும். காய்ந்த இலை புல்லோடு கலந்துவிட்டால் தின்றுவிடும். எனவே, வெட்டிய கிளைகளையும் வாடிய மாலைகளையும் கொட்டிலருகே எறியாமல் குழி தோண்டிப் புதைத்தல் நலம். அவற்றை எரிக்கவும் கூடாது. அப்புகையும் தீங்கு விளைவிக்கும். குச்சிகளை விறகாகவோ, உணவைக் கோத்துச் சுடும் கம்பியாகவோ பயன்படுத்தலாகாது. செடியை நறுக்கியபின் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவ வேண்டும்.

குழந்தை எவரேனும் அரளியை மென்றுவிட்டால் வாந்தி, வயிற்றுவலி, மயக்கம் தோன்றும்வரை காத்திருத்தல் கூடாது. வாயிலுள்ளதை அகற்றி, வாயைக் கொப்பளிக்கச் செய்து, உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்க. அல்லது 999 எண்ணை அழைத்திடுக. வாந்தியெடுக்கச் செய்வதும், கைவைத்தியத்தில் நேரத்தைக் கடத்துவதும் ஆபத்தாகும். செடியின் துண்டொன்றை உடன் எடுத்துச் சென்றால் மருத்துவருக்கு உதவியாக இருக்கும்.

அரளியை வேரோடு பிடுங்கி எறிய வேண்டுமென நாம் கூறவில்லை. குழந்தைகளும் கால்நடைகளும் நெருங்காத இடத்தில் அது வளரட்டும். பிள்ளைகள் விளையாடும் முற்றத்திலோ, 1960-ஆம் ஆண்டு முதல் நம் நாட்டின் தேசிய மலராகத் திகழும் செம்பருத்தியை நட்டு மகிழ்வோமாக.