டெல்லி வீட்டை விற்கப் போறீங்களா? ஆப் காட்டும் விலையை எவ்வளவு நம்பலாம்?

மத்திய அரசு வேலைக்காக எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் டெல்லிக்குப் போன தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு மயூர் விஹார், ஜனக்புரி, துவாரகா பக்கம் ஒரு டிடிஏ ஃபிளாட்டோ சொசைட்டி வீடோ இருக்கும். அப்பா அம்மா ரிட்டயர் ஆகி ஊருக்குத் திரும்பியிருப்பார்கள். பிள்ளைகள் சென்னையிலோ பெங்களூருவிலோ இருப்பார்கள். 'அந்த வீட்டை வித்துடலாமா?' என்ற பேச்சு வந்ததும் யாராவது ஒருவர் மொபைலை எடுத்து ஒரு ரியல் எஸ்டேட் தளத்தில் ஏரியா, சதுர அடி, பெட்ரூம் எண்ணிக்கையைப் போட்டுப் பார்ப்பார். சில நொடிகளில் ஒரு தொகை வரும். அன்றிலிருந்து வீட்டில் எல்லோருக்கும் அதுதான் 'நம்ம வீட்டு விலை'.

அந்தத் தொகையை நம்பி விலை வைக்கலாமா?

இந்த மாதிரி மதிப்பீடு உலகம் முழுக்கப் பிரபலமானது அமெரிக்காவின் ஜில்லோ நிறுவனத்தால்தான். 2006-ல் 'ஜெஸ்டிமேட்' என்ற பெயரில் கொண்டு வந்தார்கள். அங்கே பெரும்பாலான மாகாணங்களில் எந்த வீடு என்ன விலைக்குக் கைமாறியது என்பது பொதுப் பதிவு. கணினிக்குப் பாடம் படிக்க நிஜமான விற்பனை விலை கிடைக்கிறது. அப்படியிருந்தும், விற்பனைக்கு வராத வீடுகளின் மதிப்பீட்டில் சராசரியாக 7 சதவீதம் அளவுக்குப் பிழை இருப்பதாக அந்த நிறுவனமே சொல்கிறது. விற்பனைக்கு வந்துவிட்ட வீடு என்றால் பிழை 2 சதவீதம் அளவுக்குக் குறைந்துவிடும். காரணம் எளிது: உரிமையாளர் கேட்கும் விலையை அதுவும் பார்த்துவிடுகிறது!

2016-ல் ஜில்லோவின் அப்போதைய தலைமை அதிகாரி ஸ்பென்சர் ராஸ்காஃப் தன் சியாட்டில் வீட்டை 10.5 லட்சம் டாலருக்கு விற்றார். அவருடைய நிறுவனத்தின் தளம் அதற்குக் காட்டிய மதிப்பு சுமார் 17.5 லட்சம் டாலர். பிறகு தன் கணிப்பை நம்பி வீடுகளைத் தானே வாங்கி விற்க இறங்கிய ஜில்லோ, 2021 நவம்பரில் அந்தத் தொழிலையே மூடுவதாக அறிவித்தது. கையிருப்பு வீடுகளின் மதிப்பில் ஒரே காலாண்டில் 30 கோடி டாலருக்கு மேல் குறைத்துக் கணக்கு எழுத வேண்டியிருந்தது.

நல்ல தரவு இருக்கும் ஊரிலேயே இந்த நிலைமை. டெல்லியில் சிக்கல் இன்னும் அடியில் இருக்கிறது.

இங்கே பத்திரத்தில் எழுதப்படும் விலையும் கைமாறும் பணமும் பல நேரங்களில் ஒன்றல்ல. பத்திரத்தில் சர்க்கிள் ரேட்டை ஒட்டி ஒரு தொகை, மீதி ரொக்கமாக. இந்தப் பழக்கம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். (விற்பவர் 20,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகைக்குச் சமமாக அபராதம் வர சட்டத்தில் இடமுண்டு. மாட்டுவது விற்பவர்தான்.) ஆக, பதிவு விலையை வைத்து உண்மை விலையைக் கண்டுபிடிக்க முடியாது. அதனால் இணையதளங்கள் பெரிதும் நம்புவது விளம்பரங்களில் இருக்கும் விலையை, அதாவது விற்பவர்கள் 'கேட்கும்' விலையை. பேரம் பேசி அது எங்கே வந்து நின்றது என்பது விளம்பரத்தில் இருக்காது. உங்களைப் போலவே ஆப்பைப் பார்த்துப் பக்கத்து பிளாக்காரர் வைத்த விலை, சுற்றி வந்து உங்களுக்கே மதிப்பீடாகக் காட்டப்படலாம்.

அப்போ அரசு விலை? நம்ம ஊர் வழிகாட்டி மதிப்பு போலத்தான் டெல்லியின் சர்க்கிள் ரேட். காலனிகளை ஏ முதல் எச் வரை எட்டு வகையாகப் பிரித்திருக்கிறார்கள். 2014-ல் அறிவித்த பட்டியலில் ஏ வகை நிலம் சதுர மீட்டருக்கு 7.74 லட்சம் ரூபாய், பி வகை சுமார் 2.46 லட்சம். ஒரு படி இறங்கினால் விலை மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே! நான்கு மாடி வரையிலான டிடிஏ ஃபிளாட்டுக்கோ அந்தப் பட்டியல் காலனியைப் பார்க்காமல் அளவைத்தான் பார்க்கிறது. 90 சதுர மீட்டர் வீடு வசந்த் குஞ்சில் இருந்தாலும் நரேலாவில் இருந்தாலும் ஒரே ரேட். இதை எந்த புரோக்கரிடம் சொன்னாலும் சிரிப்பார்.

ஆனால் வரிக்கு இந்த ரேட் முக்கியம். 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 50சி பிரிவில் வந்த விதி இது: முத்திரைக் கட்டணத்துக்கான மதிப்பு 1 கோடியாக இருக்கும் வீட்டை 85 லட்சத்துக்கு விற்றால், 1 கோடிக்கு விற்றதாகவே வைத்து மூலதன ஆதாயம் கணக்கிடப்படும். 92 லட்சத்துக்கு விற்றால் பிரச்னை இல்லை, 10 சதவீதச் சலுகைக்குள் வந்துவிடும். உண்மையான சந்தை விலையே குறைவு என்றால், துறையின் மதிப்பீட்டு அதிகாரிக்கு அனுப்பச் சொல்லிக் கேட்கலாம்.

ஆப்புக்குக் கண்ணில் படாத விஷயங்களும் நிறைய. ஒரே கட்டடத்தின் பில்டர் ஃப்ளோர்களிலேயே மொட்டைமாடி உரிமை யாருக்கு, கீழே கார் நிறுத்த இடம் உண்டா, லிஃப்ட் இருக்கிறதா, எதிரில் பூங்காவா குப்பைத் தொட்டியா என்பதைப் பொறுத்து விலை மாறும். எல்லாவற்றையும்விடப் பெரியது பத்திரம். டெல்லியில் ஏராளமான வீடுகள் ஜிபிஏ, அதாவது பொது அதிகாரப் பத்திரம் மூலமே கைமாறியவை. அதனால் மட்டும் உரிமை மாறாது என்று 2011-ல் சூரஜ் லேம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அப்படிப்பட்ட வீட்டுக்கு வங்கிக் கடன் கிடைப்பது கஷ்டம். கடன் இல்லை என்றால் வாங்க வருபவர்களும் குறைவு, விலையும் குறைவு. உங்கள் டிடிஏ வீடு இன்னும் லீஸ்ஹோல்டா, ஃப்ரீஹோல்டாக மாற்றியாச்சா என்று எத்தனை தளங்கள் கேட்கின்றன?

சரி, வேறு எப்படி விலை தெரிஞ்சுக்கிறது? சொசைட்டி அலுவலகத்திலோ குடியிருப்போர் சங்கத்திலோ கடைசியாக விற்ற இரண்டு மூன்று வீடுகளைப் பற்றி விசாரியுங்கள். புரோக்கரிடம் 'எங்க வீடு எவ்வளவு போகும்?' என்று கேட்டால், வேலையைப் பிடிக்கவே பெரிய தொகை சொல்வார். 'இந்த பிளாக்கில் கடைசியா எவ்வளவுக்கு முடிச்சீங்க?' என்று கேளுங்கள். ஆப்பில் விலையைவிட, உங்களுடையது போன்ற வீடு எத்தனை மாதமாக விளம்பரத்திலேயே கிடக்கிறது என்று பார்ப்பது பயன் தரும்.

விலை வைப்பதற்கு முன்பே பதிவு பெற்ற மதிப்பீட்டாளர் ஒருவரை நேரில் பார்க்கச் சொல்வது நல்லது. எப்படியும் வாங்குபவரின் வங்கி தன் மதிப்பீட்டாளரை அனுப்பும். அவர் பேசிய விலையைவிடக் குறைத்து மதிப்பிட்டால் கடன் தொகையும் குறையும். அந்த வித்தியாசத்தை வாங்குபவர் கையிலிருந்து போட வேண்டும். முடியாதவர் அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டு வந்து நிற்பார்.